நீச்சல் குளம் உயரம் தராது

பிள்ளையை நீச்சலில் சேர்த்தால் நெடுநெடுவென்று வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஹைதராபாத்தின் போவன்பள்ளிக் காலனிகளிலும் உண்டு, சென்னை வேளச்சேரியிலும் உண்டு. பதினொரு வயதில் பதக்கம் வாங்குகிற பிள்ளைதான் பதினெட்டிலும் வாங்கும் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். இரண்டும் தவறு. வளர்ச்சியை நம் அவசரத்துக்கு முடுக்கிவிடலாம் என்ற எண்ணமே இரண்டுக்கும் வேர்.

ஒலிம்பிக் நீச்சல் இறுதிப் போட்டிகளில் நெட்டையானவர்களே அதிகம் என்பது உண்மைதான். மைக்கேல் ஃபெல்ப்ஸ் 193 செ.மீ. உயரம். நீண்ட உடலுக்குத் தண்ணீரில் அலைத்தடை குறைவு, நீண்ட கை ஒரே வீச்சில் கூடுதல் தூரம் கடக்கும். அதனால் உயரமானவர்கள் வென்று நிலைக்கிறார்கள், மற்றவர்களில் பலர் நடுவிலேயே விலகிவிடுகிறார்கள். எஞ்சியவர்களை மட்டும் பார்த்துவிட்டு, நீந்தியதால் வளர்ந்தார்கள் என்கிறோம். பிள்ளையின் உயரத்தை மருத்துவர்கள் தோராயமாகக் கணிக்கும் முறை எளியது: பெற்றோர் இருவரின் உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 செ.மீ. சேர்த்து, பெண் பிள்ளைக்கு 13 செ.மீ. கழித்து, பாதியாக்குவார்கள். விடை இருபுறமும் 8 செ.மீ. வரை விலகலாம். சாப்பாடும் உறக்கமும் நோயின்மையும் அந்த விலகலில் பங்கு வகிக்கும். குளத்தில் கழித்த மணிநேரங்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. உயரம் இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. 178 செ.மீ. உயரமுள்ள ஜப்பானியர் கொசுகே கிதாஜிமா, 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் 100, 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தங்கங்களை வென்றார்.

இரண்டாவது நம்பிக்கைதான் பிள்ளைகளை அதிகம் வதைக்கிறது. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் பதினான்கையொட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். அந்த உச்சத்தில் ஓராண்டிலேயே 8 முதல் 10 செ.மீ. வரை கூடலாம். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை, ஓரிரு ஆண்டு முந்தலாம், பிந்தலாம். போட்டியோ வயதை மட்டும் பார்த்துப் பிரிவு போடுகிறது. நகரைக் குறுக்கே கடந்து கச்சிபௌலி குளத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர், அங்கே பதின்மூன்று வயதுப் பிரிவில் மீசை அரும்பிய ஒருவனும் குரல்கூட உடையாத ஒருவனும் அடுத்தடுத்த லேன்களில் நிற்பதைக் காணலாம். அந்த வயதில் ஸ்டாப்வாட்ச் அளப்பது திறமையை மட்டுமல்ல, யாருக்குப் பருவம் முந்தியது என்பதையும்தான். அமெரிக்காவில் பத்து வயதுக்குள் நீச்சல் தரவரிசையில் முதல் நூறு இடங்களில் இருந்தவர்களில், பதினெட்டை நெருங்கும்போது தம் வயதினரின் முதல் நூறில் நீடித்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே.

வேகமாக வளரும் மாதங்களில் நேரம் மேம்படாமல் நிற்கலாம், பின்னடையவும் செய்யலாம். கைகால்கள் நீண்டுவிட, பழகிய ஸ்ட்ரோக்கின் ஒழுங்கு குலைகிறது. பெண் பிள்ளைகளுக்கு இடுப்பு அகன்று கொழுப்பு சேர்வது இயல்பான வளர்ச்சி. இதைச் சோம்பல் என்று திட்டுவதும், எடையைக் குறைக்கச் சோற்றைக் குறைப்பதும் பெருந்தவறு. பயிற்சிக்கு ஏற்ற உணவு இல்லாமல் போனால் பருவமடைதல் தள்ளிப்போகும், மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதை விளக்கி எச்சரித்தது. சோற்றுக்குப் பதில் புரோட்டீன் பவுடரை நம்புவோர் ஆலோசனை கேட்கப் போவன்பள்ளியிலிருந்து அதிகத் தூரம் போக வேண்டாம். 1918இல் குன்னூரில் தோன்றி 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தார்நாக்காவில்தான் இருக்கிறது. தசை வளர்க்கப் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கும்படி அதன் 2024 உணவு வழிகாட்டி சொல்கிறது. பருப்பும் முட்டையும் பாலும் வயிறு நிறையச் சோறும் போதும்.

பதினான்கு வயதில் தினிதி தேசிங்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீந்தினாரே, பதினைந்தில் ஃபெல்ப்ஸ் சிட்னி ஒலிம்பிக்கில் ஐந்தாவதாக வந்தாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிலர் சீக்கிரமே மலர்கிறார்கள், அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் 2000 ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட ஆண்டனி எர்வின், 2016இல் முப்பத்தைந்து வயதில் அதே பந்தயத்தில் மீண்டும் தங்கம் வென்றார். சீக்கிரம் வந்தவரும் உண்டு, நெடுங்காலம் நின்றவரும் உண்டு. பதினொரு வயதின் நேரத்தை மட்டும் வைத்து இவர்களில் யாரையும் அடையாளம் காண முடியாது. அணித் தேர்வும் விளையாட்டு ஒதுக்கீடும் பதக்கத்தைத்தானே கேட்கின்றன என்பது இன்னும் வலுவான வாதம். கேட்கின்றனதான். அதற்காகப் பிந்தி வளரும் பிள்ளையைப் பன்னிரண்டில் சலித்துப்போகச் செய்தால், ஒதுக்கீடு வரும் வயதில் அவன் குளத்திலேயே இருக்கமாட்டான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அது விரைந்து ஏறும் மாதங்களில் கோச்சிடம் சொல்லி, நேரத்தை விட்டு ஸ்ட்ரோக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், அடுத்த போட்டி எதுவானாலும் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.