கட்டளையும் கவனமும்

ஏவல் இருவகைப்படும். கையால் சுட்டி ஏவுதல் ஒன்று; சொல்லால் ஏவுதல் மற்றொன்று. கணினியை ஏவுதலும் இவ்விரு வகையினதே. திரையிலுள்ள படங்களைச் சுட்டெலியால் தொடுவது முன்னது. முனையம் என்னும் சாளரத்தைத் திறந்து, கட்டளையைத் தட்டச்சிடுவது பின்னது. லினக்ஸ் இயங்குதளத்தில் பின்னதே ஆற்றல் மிக்கது. எனினும், ஆற்றல் மிக்க இடத்தில் கவனமும் மிகுதல் வேண்டும்.

லினக்ஸின் கருப்பகுதியை 1991 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஆக்கி வெளியிட்டார். அவர் அப்போது பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர். லினக்ஸில் வழங்கும் கட்டளைகளுட் பல, 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழிவந்தவை. அவற்றுட் பல இரண்டு மூன்று எழுத்துகளால் ஆன குறுஞ்சொற்கள்.

முனையத்தில் அமர்வோர் முதற்கண் தாம் நிற்கும் இடத்தை அறிதல் வேண்டும். ‘பி, டபிள்யூ, டி’ என்னும் மூன்றெழுத்துகளை இட்டால், நாம் எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்பது விளங்கும். ‘எல், எஸ்’ என இட்டால், அங்குள்ள கோப்புகளின் பெயர்கள் தோன்றும். ‘சி, டி’ என்பது வேறு கோப்புறைக்குச் செல்ல உதவும். ஒரு கட்டளையின் பொருள் விளங்காவிடின், ‘மேன்’ என்னும் சொல்லை அதன்முன் இடுக. அதற்குரிய கையேடு விரியும்.

இனி, அஞ்சத்தக்க கட்டளை ஒன்றைக் காண்போம். அது ‘ஆர், எம்’ என்பது, கோப்பை நீக்குவது. சுட்டெலியால் நீக்கிய கோப்பு பெரும்பாலும் குப்பைத்தொட்டியிற் கிடக்கும், வேண்டின் மீட்கலாம். இக்கட்டளையால் நீக்கிய கோப்போ அங்குச் செல்வதில்லை. மாணவன் ஒருவன், பெயரின் இறுதியில் ‘.டிஎக்ஸ்டி’ என முடியும் கோப்புகளை மட்டும் நீக்க விழைகிறான் எனக் கொள்வோம். அவன் ‘ஆர், எம்’ என எழுதி, இடம் விட்டு, உடுக்குறியையும் அவ்விறுதியையும் சேர்த்து எழுத வேண்டும். உடுக்குறிக்கும் புள்ளிக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால் யாது நேரும்? தனித்து நின்ற உடுக்குறி, ‘இங்குள்ள யாவும்’ எனப் பொருள்படும். கணினி அக்கோப்புறையிலுள்ள கோப்புகளையெல்லாம் நீக்கிவிட்டு, ‘.டிஎக்ஸ்டி’ என்றொரு கோப்பு இல்லையே என இறுதியில் முறையிடும். ஆண்டு முழுதும் எழுதிய பாடக்குறிப்புகள் ஓர் இமைப்பொழுதில் மறையும்.

இதற்குக் காப்பு யாது? நீக்குமுன், அதே உடுக்குறியோடு ‘எல், எஸ்’ கட்டளையை இட்டுப் பார்த்தலே. நீங்கப்போகும் பெயர்கள் யாவும் கண்முன் நிற்கும். பின்னர் மேல்நோக்கும் அம்பு விசையை அழுத்தினால், எழுதிய வரி மீண்டும் வரும். அதில் ‘எல், எஸ்’ என்பதை மட்டும் ‘ஆர், எம்’ என மாற்றுக. மேலும், ‘ஆர், எம்’ என்பதை அடுத்து இடம் விட்டு, சிறுகோட்டையும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தையும் சேர்த்து இட்டால், ஒவ்வொரு கோப்பையும் நீக்குமுன் கணினி நம் இசைவைக் கேட்கும்.

அசைவற்று நின்ற செயலியை நிறுத்துதற்குக் ‘கில்’ என்னும் கட்டளை உண்டு. சாம தான பேத தண்டம் என்னும் நால்வகை உபாயங்களுள் தண்டத்தை முன்னோர் இறுதியில் வைத்தனர். அம்முறை இங்கும் பொருந்தும். ‘டாப்’ என்னும் கட்டளை காட்டும் செயலி எண்ணை மட்டும் தந்து ஏவினால், 15 ஆம் எண் குறிப்பு செல்லும். அது வேண்டுகோள் போன்றது. செயலி தன் பணியை ஒழுங்குபடுத்தி ஓய இடமுண்டு. 9 ஆம் எண் குறிப்போ தண்டம் போன்றது, சேமிக்கப்படாதவை அழியும். ஆதலின், வேண்டுகோள் பயன்படாதபோதே அதனை நாடுக.

‘சூடோ’ என்னும் சொல்லை முன்னிட்ட கட்டளை, நிருவாகியின் முழு அதிகாரத்தோடு செல்லும். பிறர் எழுதித் தந்த வரியை, அதன் பொருள் அறியாமல் அச்சொல்லோடு இடுதல் தகாது.

மாணவர்களே! கணினி நம் கருத்தை அறியாது. நாம் எழுதியதையே அறியும். ஆதலின், நிற்கும் இடம் அறிந்து, நிகழ்வதை முன் நோக்கி, அதன்பின் ஏவுக. ஆற்றல் மிக்க பணியாளனை ஆளும் முறை அதுவே.