ராத்திரி ஷிப்டும் உடம்புக் கடிகாரமும்



போன மாதம் காத்திவாக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். காலை 10.30 மணி. சேமிப்பு வசூல் முடிந்து, கடன் திருப்பிய கணக்கை ஊக்குநர் வாசித்துக்கொண்டிருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினர் அப்படியே தூங்கிவிட்டார். லேசாகக் குறட்டைகூட வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். தொடர்ந்து மூன்றாவது கூட்டமாக இப்படி நடக்கிறதாம். "தூங்கினா 10 ரூபா அபராதம்னு தீர்மானம் போட்டுடலாம்" என்று ஒருவர் சொல்ல, ஊக்குநர் தீர்மான நோட்டைக் கையில் எடுத்தார்.

சத்தம் கேட்டு விழித்த அந்தச் சகோதரி, "நைட் ஷிப்ட் முடிச்சு 7 மணிக்குத்தான்க்கா வந்தேன். சமைச்சு, பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு நேரா இங்க வந்துட்டேன். படுக்கவே இல்ல" என்றார். பக்கத்தில் இருந்த மீன் விற்கும் அக்கா விடவில்லை. "நானுந்தான் ராத்திரி 2 மணிக்கு எழுந்து காசிமேட்டுக்கு ஏலம் எடுக்கப் போறேன். நான் தூங்குறேனா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

இலைக்கும் நேரம் தெரியும்

தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஆனால் இலையை மடக்கிக்கொள்ளும். வெளிச்சம் குறைவதால் மடங்குகிறது என்றுதான் நாம் நினைப்போம். 1729ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு அறிஞர் தெ மைரான் என்பவர், அதேபோல இலை மடக்கும் தொட்டாச்சிணுங்கிச் செடியை வெயில் படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலேயே இருந்தும் அது பகலில் விரிந்தது, ராத்திரியில் மடங்கியது. வெளியே சூரியன் எங்கே இருக்கிறது என்று செடிக்குத் தெரியாது. ஆனால் நேரம் தெரிந்திருக்கிறது!

நம் உடம்பிலும் அப்படி ஒரு கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட சின்னப் பகுதி அது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்தால் பந்து மேலே வந்து குழாயை மூடும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கிக் குழாயைத் திறந்துவிடும். செல்லுக்குள்ளேயும் ஒரு மரபணு சொல்வதால் ஒரு புரதம் உண்டாகிறது. அது சேர்ந்து நிறைந்ததும் தன்னை உண்டாக்கிய அந்த மரபணுவையே நிறுத்திவிடுகிறது. புரதம் கரைந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. பழத்தை மொய்க்கும் சின்ன ஈயில் இதைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ல் நோபல் பரிசு கிடைத்தது.

படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே, 'ராத்திரி வந்துவிட்டது' என்று சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பு நம் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். விடிகாலை 4, 5 மணிக்கு உடம்புச் சூடு மிகவும் குறைந்து இருக்கும். அந்த நேரத்தில்தான் கண் தானாகச் செருகும், கை தடுமாறும். ஈரல், குடல், கணையம் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் தன் கணக்கில் ஒரு கடிகாரம் இருக்கிறது. பகலில் சாப்பிடும் அதே சோற்றை நடுராத்திரியில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும்.

பச்சைக் குழந்தைக்கு இந்தக் கடிகாரம் இன்னும் ஒழுங்காகி இருக்காது. பிறந்து இரண்டு, மூன்று மாதம் ஆன பிறகே ராத்திரி பகல் பிரியத் தொடங்கும். குழந்தை ராத்திரியில் முழித்துக்கொண்டு ஆட்டம் போட்டால் அது தாயின் வளர்ப்புக் குறை அல்ல.

மதுரையில் செய்த ஆராய்ச்சி

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் கண்டது என்று நினைத்துவிட வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரன் (1937-2009) இந்தியாவில் இந்தத் துறைக்கு வழி போட்டவர். அவரும் அவரோடு இருந்தவர்களும் முதலில் குகையில் வாழும் வௌவால்களைப் பார்த்தார்கள். குகைக்குள் எப்போதும் கும்மிருட்டு. ஆனாலும் சாயங்காலம் நேரம் தவறாமல் வௌவால்கள் வெளியே கிளம்பும். ஒரு வௌவாலைக் கூண்டில் போட்டுக் குகைக்குள் வைத்தார்கள். சுற்றி மற்ற வௌவால்கள் இருந்தவரை, அவை கிளம்பும் நேரத்துக்கே கூண்டில் இருந்ததும் பறக்கத் துடித்தது. வௌவால்களே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது, அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்து போய்விட்டது. 1981ல் இதை வெளியிட்டார்கள். கூட்டத்தின் சந்தடியை வைத்தும் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று அதில் தெரிந்தது.

பிறகு மனிதர்களுக்கே ஒரு தனி இடம் ஏற்பாடு செய்தார்கள். உள்ளே கடிகாரம், ரேடியோ, பேப்பர் எதுவும் கிடையாது. பகல் வெளிச்சம் வராது. விளக்கை அணைப்பதும் சாப்பிடுவதும் படுப்பதும் உள்ளே இருப்பவர் இஷ்டம். 1960களில் ஜெர்மனியிலும் இப்படிச் செய்திருந்தார்கள். இந்த மாதிரி இடங்களில் தங்கியவர்களின் 'நாள்' 24 மணியைவிட நீண்டுபோனது. சிலர் இரண்டு நாளை ஒரே நாளாக வாழ்ந்துவிட்டு, அது தெரியாமலே இருந்தார்கள்.

மதுரையில் அப்படி ஒரு பெண்ணும் தங்கினார். அவருடைய தூக்கமும் விழிப்பும் நகர்ந்த கணக்கோடு மாதவிலக்கு சேர்ந்து நகரவில்லை, அது தனிக் கணக்காக ஓடியது. 1991ல் இந்த முடிவு வெளியானது. இதை வைத்து 'ராத்திரி வேலைக்கும் மாதவிலக்குக்கும் சம்பந்தமே இல்லை' என்று சொல்லிவிட முடியாது. இது ஒரே ஒரு பெண்ணைப் பார்த்த ஆய்வு. ஷிப்ட் மாறி மாறிப் போகும் நர்சுகளிடம் செய்த பெரிய ஆய்வில், பலருக்கு மாதவிலக்கு முன்பின் ஆவது தெரியவந்திருக்கிறது.

மீன் விற்கும் அக்காவுக்குப் பதில்

பிற்பாடு நுணுக்கமாக அளந்ததில், மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணியும் பத்து நிமிடமும் போல என்று தெரிந்தது. அதாவது தினமும் கொஞ்சம் பின்தங்கும் சுவர்க்கடிகாரம் மாதிரி. தினமும் முள்ளைத் திருப்பிச் சரியாக வைப்பது சூரிய வெளிச்சம். வெயில் நேரத்தில் வாசலில் இருக்கும் வெளிச்சம், நம் வீட்டு டியூப்லைட் தரும் வெளிச்சத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல்.

இந்தக் கடிகாரத்தை வேறு நேரத்துக்கு மாற்றலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் அது நகரும். மீன் விற்கும் அக்கா வருஷக்கணக்காக ஒரே நேரத்துக்கு எழுகிறார். ராத்திரி 8 மணிக்கே படுத்துவிடுகிறார் (அவர் வீட்டில் சீரியல் கிடையாது!). அவர் கடிகாரம் ஓரளவு அதற்கு ஒத்துப்போய்விட்டது. ஷிப்டுக்குப் போகும் சகோதரிக்கோ ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. எட்டு மணி நேரம் நகர வேண்டிய கடிகாரத்துக்கு எட்டு நாளாவது வேண்டும். ஆறாம் நாளே ஷிப்ட் மாறிவிடுகிறது. போதாததற்கு, வேலை முடிந்து வரும்போது முகத்தில் அடிக்கும் காலை வெயில், 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே இழுக்கிறது. அதனால்தான் பகலில் படுத்தாலும் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. அந்த ஐந்தாறு மணி நேரமும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

எண்ணூர்ப் பக்கம் வளர்ந்த நமக்கு ஷிப்ட் புதிதல்ல. 1970ல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017ல் மூடும்வரை ராத்திரி பகலாக ஓடியது. சுற்றியிருந்த கம்பெனிகளும் அப்படித்தான். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் மிக்ஸிகூடப் போட மாட்டோம். 'அப்பா தூங்குறார், வெளியே போய் விளையாடு' என்பார்கள். வேலைக்குப் போவது அம்மாவாக இருந்தால்? வந்ததும் அடுப்பு, தண்ணீர்க் குடம், பள்ளிக்கூடப் பை. உடம்புக் கடிகாரம் ஆண் பெண் என்று சலுகை காட்டுவதில்லை, நாம்தான் காட்டுகிறோம்.

பெண்கள் தொழிற்சாலையில் ராத்திரி வேலை செய்யக் கூடாது என்ற சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது சில நிபந்தனைகளும் போட்டது. அதில் ஒன்று, பகல் ஷிப்டிலிருந்து ராத்திரி ஷிப்டுக்கும், ராத்திரியிலிருந்து பகலுக்கும் ஒரு பெண்ணை மாற்றும்போது இடையில் தொடர்ச்சியாக 12 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும் என்பது. வேலைக்குப் போகும் நம் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ராத்திரி ஷிப்ட் வேலை அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2007லும், மறுபடி 2019லும் அறிவித்தது. போகிற எல்லோருக்கும் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயந்து வேலையை விடச் சொல்லவில்லை. விட்டால் வட்டி யார் கட்டுவது?

செய்யக்கூடியது இருக்கிறது. ஷிப்ட் போடும்போது காலை, பிறகு மதியம், பிறகு ராத்திரி என்ற வரிசையில் கேட்டுப் பாருங்கள். பின்தங்கும் கடிகாரத்தை மேலும் பின்னுக்குத் தள்ளுவது சுலபம், முன்னுக்கு இழுப்பதுதான் கஷ்டம். வீட்டுக்கு வரும்போது முகத்தில் வெயில் அடிக்காமல் முந்தானையோ குடையோ போட்டு மறையுங்கள். ஜன்னலுக்குக் கனமான பழைய போர்வையைக் கட்டி இருட்டாக்கிப் படுங்கள். விடிகாலை 3 மணிக்கு மேல் டீ வேண்டாம். நடுராத்திரியில் வயிறு நிறையச் சோறு வேண்டாம், பாதி வயிறு போதும். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ராத்திரி வேலைக்குப் போவதை டாக்டரிடம் சொல்லி, எந்த நேரத்தில் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

இதை எல்லாம் அடுத்த கூட்டத்தில் அந்தக் குழுவுக்குப் படித்துக் காட்டினோம். அபராதத் தீர்மானம் எழுதப்படவில்லை. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணிக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தது. இரண்டு பேருக்கு அந்த நேரம் ஒத்துவரவில்லை, அதனால் இன்னும் முடிவாகவில்லை. 'அவ தூங்குற நேரத்துல பசங்கள நான் பார்த்துக்கிறேன்' என்று எதிர்வீட்டு உறுப்பினர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நம் கூட்டமைப்பில் ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே நம்மிடம் இல்லை. அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் கேட்டு, பெயர் எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள். வீட்டில் பகல் தூக்கத்துக்கு யார் உதவுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.