பேக்கேஜில் எண்பது டெஸ்ட்... எனக்கு எது தேவை?

கேள்வி: எனக்கு 26 வயது. கோவையில் ஐ.டி. வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். இன்னும் திருமணம் ஆகவில்லை. மகளிர் தினத்தையொட்டி எங்கள் அலுவலகத்தில் ஒரு லேபின் ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜைத் தள்ளுபடி விலையில் தருகிறார்கள். எண்பதுக்கும் மேல் டெஸ்ட். தைராய்டு ஸ்கேன், மேமோகிராம், சினைப்பைப் புற்றுநோய்க்கான சி.ஏ.125 எல்லாம் அதில் உண்டு. அம்மாவுக்கு 51 வயது, சர்க்கரை இருக்கிறது. அம்மாவின் கூடப்பிறந்த அக்காவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்கு, 54 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. போன வருடம் இதே பேக்கேஜ் எடுத்த தோழிக்கு சி.ஏ.125 கூடுதலாக வந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதற்குள் அவள் பாதியாகிவிட்டாள். “கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, கோவை

பதில்: அந்தப் பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம். அதற்காக, எதுவுமே வேண்டாம் என்கிற அம்மாவின் கட்சியிலும் நான் இல்லை.

லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கும் எல்லை, நோயில்லாத நூறு பேரில் 95 பேர் அடங்கும்படி வகுக்கப்பட்டது. மிச்சமுள்ள ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தாம். எல்லைக்கு வெளியே விழுகிறார்கள், அவ்வளவுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாத ஒருவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீதம் வாய்ப்பிருக்கிறது. எண்பது எடுத்தால் கேட்கவே வேண்டாம். பிறகு அந்தத் தடித்த எழுத்தைத் துரத்திக்கொண்டு அடுத்த ஸ்கேன், அடுத்த ஸ்பெஷலிஸ்ட் என்று அலைய வேண்டியதுதான்.

உங்கள் தோழி மாட்டிக்கொண்டதும் இதில்தான். சி.ஏ.125 மாதவிடாய் நாட்களிலேயே கூடும். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு கட்டி இருந்தாலும் கூடும். அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணுக்கு இதை எடுத்துப் பார்ப்பதால் உயிர் காக்கப்படுவதாகப் பெரிய ஆய்வுகள் எதிலும் நிரூபணமாகவில்லை.

தைராய்டு ஸ்கேன் விஷயத்தில் தென் கொரியா பட்ட பாடு மருத்துவ உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அங்கே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் கழுத்து ஸ்கேனும் என்று ஆரம்பித்தார்கள். 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் 2011இல் கண்டுபிடிக்கப்பட்டது. இறப்போ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியையே எடுத்துவிட்டு, தினமும் மாத்திரை போடுகிறவர்களானார்கள்.

சரி, உங்களுக்கு எது தேவை? முதலில் ஹீமோகுளோபின். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தச்சோகைதான். “பொம்பளைங்களுக்கு பத்து இருந்தா போதும்” என்பதெல்லாம் தப்பு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறதா? சமையலறைப் பக்கம் போனால் பச்சரிசியை வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறதா? ஐஸ்கட்டியைக் கடிக்கத் தோன்றுகிறதா? இந்த ஆசைகள் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள். ஒரு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, உதிரப்போக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போதாது. காரணத்தையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யலாம்: சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது விடாது.

அடுத்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும். பி.பி. வருடம் ஒருமுறை, படியேறி வந்த மூச்சோடு பார்க்காமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், இடுப்பளவு 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் இப்போதே வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய், மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். ஹெச்.பி.ஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் எடுத்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது பொய்யாகக் கூடிக் காட்டும். ஹீமோகுளோபின், பி.பி., ரத்தச் சர்க்கரை மூன்றும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையை பீரியட்ஸ் தப்பினாலோ, காரணமில்லாமல் எடை கூடினாலோ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ எடுத்தால் போதும்.

இனி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கல்யாணம் ஆகாத பெண் என்பதால்தான் ஒரு விஷயத்தில் அவசரம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஹெச்.பி.வி. என்ற வைரஸ், அது உடலுறவில் தொற்றுகிறது. அதற்கான தடுப்பூசி, தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் தரும். 9 முதல் 14 வயதுதான் சிறந்த காலம் என்றாலும், விட்டவர்கள் 26 வயதுவரை போட்டுக்கொள்ளலாம். மூன்று ஊசி: இன்று ஒன்று, இரண்டு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் 2023 முதல் இருப்பதால் செலவும் முன்பைவிடக் குறைவு. உங்கள் வயதைப் பார்த்தால், எண்பது டெஸ்ட்டைவிட இந்த மூன்று ஊசி பெரிது. ஊசி போட்டாலும், பின்னாளில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை விடக் கூடாது. உடலுறவு வாழ்க்கை தொடங்கியவர்களுக்கு, பாப் ஸ்மியர் என்ற அந்தப் பரிசோதனை 25 வயதுவாக்கில் தொடங்கி மூன்று ஆண்டுக்கொருமுறை. 30க்கு மேல் ஹெச்.பி.வி. பரிசோதனை. இதுவரை உறவே இல்லையென்றால் இப்போது தேவையில்லை. மகப்பேறு மருத்துவர் இதைக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

மேமோகிராம் இந்த வயதில் பிரயோஜனமில்லை. இளம் மார்பகத் திசு அடர்த்தியானது. படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பீரியட்ஸ் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் குளிக்கும்போது உங்கள் மார்பகம் இயல்பாக எப்படி இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டி, தோல் உள்ளிழுப்பு, காம்பில் ரத்தக் கசிவு தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பெரியம்மா ஒருவருக்கு, அதுவும் 54 வயதில் வந்தது என்பது பெரிதாகப் பயப்படும் விஷயமில்லை. ஆனால் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் விசாரியுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேர், 45க்கு முன்பே வந்தவர், சினைப்பைப் புற்றுநோய் வந்தவர் என்று யாராவது இருந்தால் மரபணு ஆலோசனை அவசியம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒருவர் இருக்கிறார். புற்றுநோய் வந்தவரின் கூடப்பிறந்த தங்கை, 51 வயதுக்காரர், உங்கள் அம்மா. மேமோகிராமும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் அவருக்குத்தான் காத்திருக்கின்றன. இந்த மாதம் ஊருக்குப் போகும்போது அவரை நீங்கள் கூட்டிப் போங்கள்.