தரிசில் அடர்வனம் போடக் கிளம்பியவர்களுக்கு

"விளையாத நிலமா? நெருக்கமா மரத்தை நடுங்க, மூணே வருஷத்துல காடு!" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பத்து மடங்கு வேகம், முப்பது மடங்கு அடர்த்தி என்று துண்டறிக்கை வேறு. தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் உழவு நின்றுபோன மானாவாரி நிலத்துக்கெல்லாம் இப்போது இதுதான் வைத்தியம்: மியாவாக்கி.

அகிரா மியாவாக்கி (1928–2021) பெரிய தாவரவியலாளர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜப்பானில் பழைய கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருந்த தோப்புகளை ஆராய்ந்து, அந்தந்த மண்ணுக்கு இயல்பாக எது வருமோ அதை நடச் சொன்னவர். நம் ஆட்கள் நெருக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மண்ணை மறந்துவிட்டார்கள். அவர் வேலை பார்த்த யோகோஹாமாவில் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரி சுமார் 650 மி.மீ.; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சதுர மீட்டருக்கு 3 கன்று என்றாலே ஏக்கருக்கு 12,000 கன்று. சித்திரை வெயிலில் இத்தனைக்கும் யார் லாரித் தண்ணீர் ஊற்றுவது? ஊற்றியே வளர்த்தாலும் அது தோப்பு. தோப்பு வைக்க ஆசையிருந்தால் தாராளமாக வையுங்கள். நிலத்தைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தச் சீமையின் காடு எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமா? தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைமரம், முட்புதர், மற்றதெல்லாம் புல். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி அதுதான். ஓடித் தப்பிக்கிற விலங்குக்கு வெட்டவெளி வேண்டும். கவுதாரியும் ஆட்காட்டியும் தரையில் முட்டையிடுபவை. அவை வாழும் இடத்தில் புங்கனையும் வேம்பையும் அடைத்து நட்டு அவற்றைத் துரத்திவிட்டு, வாசலில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று பலகை வைக்கிற கூத்தை என்னவென்பது?

சீனா 1999-இல் சரிவான விளைநிலங்களைக் காடும் புல்லுமாக மாற்றத் தொடங்கியது. மண்ணரிப்பு குறைந்தது, உண்மை. ஆனால் லோயஸ் பீடபூமியின் வறண்ட பகுதிகளில் வட அமெரிக்காவின் ரொபினியா மரத்தை நெருக்கமாக நட்ட இடங்களில் ஆழ்மண்ணின் ஈரம் வற்றிப்போனது. வறண்ட நிலத்துக்கு அந்தப் பாடம் போதும்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவழிக்க வேண்டியதில்லை. சும்மா விட்டாலே காடாகிவிடுமா? நம் பக்கம் சீமைக்கருவேலம்தான் ஆகும். ஆடு நெற்றைத் தின்னும், புழுக்கையோடு விதை விழும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்பது வெறும் புரளி. நிலத்தை அடைத்துக்கொண்டு வேறெதையும் வரவிடாது என்பதே அதை எடுக்கப் போதுமான காரணம்.

ஆடுமாடு நுழைந்தால் நிலம் மீளாது என்பார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்ததில்லை போலும். சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவே வெள்வேல், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். தலைமுறை தலைமுறையாக அளவாக மேய்த்தே காத்திருக்கிறார்கள். மரக்கன்றுக்கு மாலை போட்டு விழா எடுக்கும் நாட்டில் புல் விதையைக் கேட்க நாதியில்லை. என்னைக் கேட்டால், விழாப் பணத்தை அப்படியே புல் விதைக்குத் திருப்பிவிடுவேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்குங்கள்; தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி தழைக்கும். கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவுங்கள். புல் வேர்பிடிக்கும்வரை ஆட்டை உள்ளே விடாதீர்கள். உடையும் இலந்தையும் தானாக முளைத்தால் அவற்றை வெட்டாமல் விட்டால் போதும். ஒரு கன்றும் வாங்க வேண்டாம்.