கோடை விடுமுறையும் ஆட்காட்டிக் குருவியும்



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் பள்ளிக் கதவுகள் மூடப்படுகின்றன. ஆனால் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் நடக்கும் பள்ளிக்குக் கோடையில்தான் பாடம் தொடங்குகிறது. அங்கே மணியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

இத்தகைய பள்ளி ஒன்று சென்னைக் கடற்கரையில் உண்டு. 1988ஆம் ஆண்டில் மாணவர் சிலர் கூடிக் கடலாமைகளைக் காக்க ஒரு குழு அமைத்தனர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கரையோரம் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட குழிகளை அக்குழுவினர் தேடுகின்றனர். ஓர் ஆமை ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டைகள் இடும். பின்னர் மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். காவலற்ற அம்முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்னும். ஆதலால் அவற்றை எடுத்து, வேலியிட்ட இடத்தில் புதைக்கின்றனர். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். வெளிச்சத்தை நோக்கிச் செல்வது அவற்றின் இயல்பு. தெருவிளக்கைக் கடலொளி என்று நம்பிச் சாலைப் பக்கம் போய் மடியாதபடி, அவற்றை அலையருகே கொண்டு விடுகின்றனர். உடன் நடக்க வரும் சிறுவர் சிறுமியர் இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டு கற்கின்றனர்.

திருவெண்ணெய்நல்லூரில் கடல் இல்லையே என்கிறீர்களா? நமக்குப் பெண்ணையாறு உண்டு, ஏரிகள் உண்டு. நீர் வற்றிய வெளியில் ஆட்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். கருந்தலை, மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னே சிவந்த தசை. ஆள் நடமாட்டம் கண்டதும் கூவிக் காட்டிக்கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கிடையே மூன்று நான்கு முட்டைகள் இடும். கல்லின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றுபோல் இருப்பதால் மிதித்தால்தான் தெரியும்!

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு கவனியுங்கள். ஆமை முட்டைக்குத் தாயின் காவல் இல்லை. எனவே பயிற்சி பெற்றோர் அதை எடுத்துக் காக்கின்றனர். ஆட்காட்டி முட்டைக்கோ தாயும் தந்தையும் காவல். நண்பகலில் அவை வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் நேரமெல்லாம் அம்முட்டைகள் வெயிலில் வேகும். ஆகவே இங்கு எடுப்பது உதவியன்று. விலகி நிற்பதே உதவி.

இக்கோடையில் செய்ய வேண்டியது இதுதான். காலையில் பெரியவர் ஒருவருடன் சென்று தொலைவில் நில்லுங்கள். பறவை கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தால் பின்வாங்குங்கள். நாள், இடம், கண்டது ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். அங்கே பந்தாடும் தம்பிமாரை வேறிடத்தில் ஆடச் சொல்லுங்கள். ஏறக்குறைய நான்கு வாரம் அவ்விடம் அமைதியாக இருந்தால் போதும். குஞ்சுகள் பொரித்தவுடனே நடக்கத் தொடங்கிவிடும்.

பெற்றோரே! விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். செலவு ஏதுமில்லை. பிள்ளைகள் அன்பையும் பொறுமையையும் ஒருங்கே கற்பார்கள்.