சிறு கணிப்பொறிகளும் காலந்தவறாமையும்

கணிப்பொறி என்றவுடன் மேசைமேல் வைத்து எழுதவும் படிக்கவும் உதவும் பெரிய பொறியையே பலரும் நினைப்பர். ஆயினும் எண்ணிக்கையால் மிக்கவை கண்ணுக்குப் புலப்படாத சிறு பொறிகளே. துணி துவைக்கும் இயந்திரத்திலும், மோட்டார் வண்டியிலும், மின்சார மீட்டரிலும் அவை அமர்ந்து ஓயாது வேலை செய்கின்றன. விஞ்ஞான மாணவர் பலர் அண்ணா சாலையை அடுத்த ரிச்சித் தெருவிற்குச் சென்று, சில நூறு ரூபாய்க்கு இத்தகைய பலகையொன்றை வாங்கிப் பழகுகின்றனர். பின்னர் அதனினும் வலிய லினக்ஸ் பலகையொன்றைத் தேடிப் பெற்று, முன்னதில் நன்கு ஓடிய நிரலைப் பின்னதிலும் ஓட்ட முயல்கின்றனர். வேகம் பன்மடங்கு மிகுந்த பொறியில் அந்நிரல் தடுமாறக் கண்டு மயங்குகின்றனர். அம்மயக்கத்தின் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருவகைப் பொறிகள்

முதல் வகை மைக்ரோகண்ட்ரோலர் எனப்படுவது. கணக்கிடும் பகுதி, நினைவுப் பகுதி, வெளியுலகோடு தொடர்புகொள்ளும் உலோக முனைகள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லில் அடங்கியிருப்பது இதன் இலக்கணம். இத்தாலி நாட்டில் இவ்ரேயா என்னும் ஊரில் 2005-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுவினோ இவ்வகையை மாணவர் கைக்கு எளிதாக்கிற்று. ஆர்டுவினோ ஊனோ என்னும் பலகையின் சில்லு விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிப்பது. அதன் வேலை நினைவு 2 கிலோபைட்டு. நிரல் தங்கும் இடம் 32 கிலோபைட்டு. நிரலுக்கு இரண்டே பகுதிகள் உண்டு. முதற்பகுதி தொடக்கத்தில் ஒரு முறை நிகழும். இரண்டாம் பகுதி மின்சாரம் உள்ளவரை திரும்பத் திரும்பச் சுழலும். அச்சில்லில் அந்நிரலையன்றி வேறு நிரல் இல்லை. அதனை நிறுத்தி வைக்கும் மேலதிகாரியும் இல்லை.

இரண்டாம் வகை லினக்ஸ் பலகை. லினக்ஸ் என்பது பின்லாந்து தேசத்து மாணவராயிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கெர்னல் ஆகும். கெர்னலாவது, ஒரே பொறியிற் பல நிரல்கள் வாழும்படி காலத்தையும் நினைவையும் பங்கிட்டுக் கொடுக்கும் தலைமை நிரல். இங்கிலாந்தில் 2012-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் சிறு பலகை, இக்கெர்னல் ஓடும் முழுக் கணிப்பொறியை உள்ளங்கை அளவிற் கொணர்ந்தது. வலைப்பின்னல் தொடர்பு, படக்கருவி, கோப்புகள் ஆகிய வசதிகள் யாவும் இதில் உண்டு.

இவ்விருவகைக்கும் உரிய சில்லுகள் நம் நகரத்திலேயே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்பது அறியத்தக்கது. அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் வீ. காமகோடி அவர்களின் தலைமையில், 2014-ஆம் ஆண்டு 'சக்தி' என்னும் முயற்சி தொடங்கிற்று. அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் 2010-இற் பிறந்து, எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்கதாய் விளங்கும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியே இதற்கு அடிப்படை. சக்திக் குடும்பத்துள் 'ஈ' வகுப்பு மைக்ரோகண்ட்ரோலர் வேலைக்கு உரியது. 'சீ' வகுப்பு லினக்ஸை ஓட்டவல்லது. 2018-ஆம் ஆண்டில் இவர்களது சில்லுகள், ஒன்று அமெரிக்க நாட்டு ஆரிகன் மாநிலத்திலும் மற்றொன்று சண்டிகாரிலும் வார்க்கப்பெற்று, லினக்ஸை ஓட்டிக் காட்டின. கட்டளைத் தொகுதி ஒன்றாயிருக்க, வலியது ஒன்றையே எல்லா வேலைக்கும் வைத்துக்கொள்ளாது இரு வகுப்புகள் செய்தமை ஏன்? இவ்வினாவின் விடையே நம் பாடத்தின் உட்பொருள்.

2. விரைவு வேறு, காலந்தவறாமை வேறு

மார்கழி மாதத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நடைபெறும் இசைக் கச்சேரிகளைக் கேளாதார் நம்முள் அரியர். மிருதங்கம் வாசிப்பவர் மிக விரைவாக வாசிக்க வல்லவராயிருக்கலாம். ஆயினும் சமம் வந்து விழவேண்டிய இடத்தில் அரைக்கணம் தாழ்ந்தாராயின் அவ்விரைவினால் ஆவதொன்றில்லை. 'மாலை முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் என் தாளம் சரியாகவே இருந்தது' என்று அவர் சொல்வாராயின் அவையோர் நகைப்பர். கணிப்பொறியிலும் இவ்வாறே. ஒரு பொறி சராசரியில் எத்துணை விரைவுடையது என்பது ஒரு கேள்வி. குறித்த கணத்தில் குறித்த செயலைத் தவறாது செய்யுமோ என்பது வேறு கேள்வி. ஆர்டுவினோ வேகத்திற் குறைந்ததேனும் இரண்டாம் கேள்விக்கு விடை கூறவல்லது. லினக்ஸ் பலகை முதற் கேள்வியில் வென்று, இரண்டாவதில் இடர்ப்படுகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவாம். நம் வீடுகளில் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்க, ஒலியெதிரொலி உணர்கருவி ஒன்றைப் பொருத்துவதுண்டு. அக்கருவி செவிக்குக் கேளாத ஒலியை நீரை நோக்கி அனுப்பும். ஒலி சென்று மீளும் காலம் முழுவதும் அதன் எதிரொலி முனையில் மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும். அக்கால அளவை எண்ணுதலே நிரலின் வேலை. விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோசெகண்டு எனப்படும். ஒலி ஒரு சென்டிமீட்டர் சென்று மீள ஏறத்தாழ 58 மைக்ரோசெகண்டு ஆகும். ஆர்டுவினோவில் அமர்ந்த நிரல் வேறு வேலையின்றி முனையையே நோக்கியிருத்தலால், அளவு சில மைக்ரோசெகண்டுக்குமேல் பிறழ்வது அரிது.

அதே நிரலை லினக்ஸ் பலகையில் வைப்போம். எதிரொலி முடியும் கணத்தில், கெர்னல் நம் நிரலைச் சற்றே ஒதுக்கி, வலைப்பின்னலில் வந்த செய்தியைக் கவனிக்கச் சென்றதாகக் கொள்வோம். திரும்பி வர விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கழிந்ததெனின், 1,000 மைக்ரோசெகண்டை 58-ஆல் வகுக்க, நீர்மட்டம் 17 சென்டிமீட்டர் தாழ்ந்ததாகத் தோன்றும். நீளமும் அகலமும் ஒரு மீட்டராயுள்ள தொட்டியில் இஃது 170 லிட்டர் நீருக்குச் சமம். தொட்டி நிறைந்திருக்கவும் குறையென்று கருதி நிரல் மோட்டாரை முடுக்கும். கோடையில் லாரித் தண்ணீரை விலை கொடுத்து நிலத்தடித் தொட்டியில் நிரப்பி வைக்கும் நகரத்தில், அந்நீர் மாடியினின்று வழிந்தோடுவது சிறு பிழையன்று. நிரலின் ஒரெழுத்தும் மாறவில்லை. அது வாழும் சூழலே மாறிற்று.

3. கலிலியோ பலகை தரும் பாடம்

ஆர்டுவினோ நிரலை மாற்றமின்றி லினக்ஸின்மேல் ஓட்டவேண்டும் என்ற விருப்பம் பெரிய நிறுவனங்களுக்கும் இருந்தது. இன்டெல் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட கலிலியோ என்னும் பலகை அத்தகையது. அதன் செயலி விநாடிக்கு 40 கோடி முறை துடிப்பது. அஃதாவது ஊனோவைப்போல் 25 மடங்கு. மாணவர் எழுதிய நிரல் அதனுள் லினக்ஸின் ஒரு செயலாகவே ஓடிற்று. ஆனால் முதற்பதிப்பில் பெரும்பாலான முனைகள் செயலியோடு நேரே இணையாமல், இடையில் நின்ற வேறொரு சில்லின் வழியாகவே கட்டளை பெற்றன. அதனால் அம்முனைகளை விநாடிக்கு ஏறத்தாழ 230 சுற்றுகளுக்குமேல் ஏற்றியிறக்க இயலவில்லை. இருபத்தைந்து மடங்கு வேகமும் வாயிலின் குறுகலால் பயனற்றுப் போயிற்று. இப்பலகை 2017-இல் நிறுத்தப்பட்டது. பொறியின் வேகத்தை மட்டும் நோக்காது, கட்டளை முனையைச் சென்றடையும் வழியையும் நோக்குக என்பதே இதனாற் பெறும் பாடம்.

4. லினக்ஸில் கைக்கொள்ளத்தக்க முறைகள்

அவ்வாறாயின் லினக்ஸ் பலகையில் இவ்வகை நிரல்களை எழுதவே கூடாதோ எனின், அற்றன்று. சூழலை அறிந்து எழுதல் வேண்டும்.

முதலாவது, சுழன்று காத்திருத்தலைக் கைவிடுக. முனை மாறிற்றா, மாறிற்றா என்று இடைவிடாது வினவும் நிரல், பல்லோர் வாழும் பொறியில் ஒரு செயலியை முற்றும் விழுங்கிவிடும். 'முனை மாறும்போது என்னை எழுப்புக' என்று கெர்னலிடம் கேட்டுக்கொண்டு உறங்குதலே முறை. மாற்றம் நிகழ்ந்த கணத்தைக் கெர்னலே குறித்து, அக்குறிப்பை நிரலுக்கு அளிக்கும். எழுவதற்குத் தாமதமாயினும் குறிப்பு பெரிதும் பிழைபடாது. தொட்டியை அளக்க இதுவே தக்க உபாயம்.

இரண்டாவது, ஓர் அளவை நம்பற்க. ஏழு முறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைக் கொள்க. சராசரியாயின் ஒரு பெரும்பிழை ஏனைய ஆறையும் கெடுக்கும். நடுவெண் அவ்வாறு கெடாது.

மூன்றாவது, முதன்மை வேண்டுக. லினக்ஸில் காலக்கட்டுப்பாடு உடைய நிரலுக்கு ஏனையவற்றினும் முந்திய உரிமை அளிக்கலாம். அதன் நினைவுப் பகுதி இடம்பெயராதபடி பூட்டவும் செய்யலாம். பல்லாண்டுகளாகத் தனியே வளர்ந்துவந்த நிகழ்நேரத் திருத்தம் 2024-இல் 6.12 என்னும் பதிப்பில் முதன்மைக் கெர்னலோடு சேர்ந்தது. இதனால் தாமதத்தின் உச்ச அளவு பெரிதும் சுருங்கும். ஆயினும் முந்துரிமை பெற்ற நிரல் உறங்காது சுழலுமாயின் ஏனைய நிரல்கள் பட்டினி கிடக்கும் என்பதை மறத்தலாகாது.

நான்காவது, நுண்ணிய துடிப்புகளை வன்பொருளுக்கே விடுக. நவராத்திரிக் கொலுவில் வண்ணம் மாறி ஒளிரும் விளக்குச் சரங்களுட் சில, ஒவ்வொரு செய்திக்கூற்றையும் 1.25 மைக்ரோசெகண்டில் எதிர்பார்க்கின்றன. சாதாரண லினக்ஸ் நிரல் இதனைக் கையால் தட்டுதல் இயலாது. பலகையிலுள்ள தொடர் அனுப்பு உறுப்புக்குச் செய்தி முழுவதையும் ஒருங்கே கொடுத்தால், அது தன் கடிகாரத்தின்படி பிசகாது அனுப்பும்.

ஐந்தாவது, கெர்னலைக் கடந்து குறுக்குவழி செல்வதில் எச்சரிக்கை வேண்டும். ராஸ்பெரி பையின் உள்ளுறுப்புகளை நேரே தொட்டு விரைவு கண்ட நிரல்கள் பல, முனைகள் வேறொரு சில்லுக்கு மாற்றப்பட்ட 2023-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் ஓடாது நின்றன. கெர்னல் வகுத்த நெறியே சென்றவை பிழைத்தன.

மின்சாரம் பற்றியும் இரண்டு சொல்லல் வேண்டும். ஊனோவின் முனைகள் 5 வோல்ட்டு ஏற்பன. ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டே ஏற்பன. 5 வோல்ட்டுக் கருவியின் எதிரொலிக் கம்பியை நேரே இணைப்பின் பலகை பழுதாகலாம். ஆகவே 1,000 ஓம், 2,000 ஓம் மின்தடைகள் இரண்டால் அழுத்தத்தைப் பங்கிட்டு இணைக்க. மேலும் மின்சாரம் திடீரென அறுந்தால் ஆர்டுவினோ மீண்டும் விழித்து ஒரு சில கணத்தில் வேலை தொடங்கும். லினக்ஸ் பலகையோ எழுந்து அமரப் பல விநாடி கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த கோப்பும் சிதையக்கூடும். அவ்விடைவேளையில் மோட்டாரின் ரிலே தானே அணைந்திருக்கும்படி இணைத்தல் பாதுகாப்பின் முதல் விதி.

5. வேலைப் பகிர்வே முடிவு

இனி, முன்னர் நிறுத்திய வினாவிற்கு வருவாம். காலந்தவறாமையும் பெருந்திறனும் ஓரிடத்தில் அரிதாகவே கூடுதலின், அறிந்தோர் இரண்டையும் அருகருகே அமர்த்தினர். 2013-இல் வந்த ஆர்டுவினோ யூன் என்னும் பலகையில் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றும் லினக்ஸ் செயலி ஒன்றும் உடனுறைந்தன. அதே ஆண்டின் பீகிள்போன் பிளாக் பலகையில், லினக்ஸ் ஓடும் சில்லுக்குள்ளேயே, விநாடிக்கு 20 கோடி முறை துடிக்கும் சிறு செயலிகள் இரண்டு கெர்னலுக்குக் கட்டுப்படாமல் முனைகளைக் காத்தன. 2025-இல் வெளிவந்த ஆர்டுவினோ ஊனோ கியூ பலகையும் இவ்விருவர் குடித்தனமே. சக்தி முயற்சியினர் ஈ வகுப்பையும் சீ வகுப்பையும் வேறாக்கியதும் இக்காரணம்பற்றியே பொருத்தமாகின்றது. சிறியது பெரியதன் குறைவடிவம் அன்று; அதற்கென உரிய தொழில் வேறு.

புதிய பலகை வாங்க இயலாத மாணவனும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். கையிலுள்ள ஊனோவையும் லினக்ஸ் பலகையையும் யூ.எஸ்.பி. கம்பியொன்றால் இணைக்க. நீரை அளத்தலும் மோட்டாரை முடுக்கி நிறுத்தலும் ஊனோவின் கடமை. அளவுகளைச் சேமித்தல், கைப்பேசிக்குச் செய்தி அனுப்புதல், எப்பொழுது நீர் ஏற்றுவதென முடிவு செய்தல் ஆகியவை லினக்ஸின் கடமை. பெரிய பொறியினிடமிருந்து பத்து விநாடி செய்தி வாராதாயின், சிறிய பொறி தானே மோட்டாரை நிறுத்திவிடுமாறு விதிக்க. ஆணையிடுபவர் உறங்கினும் காவலாள் உறங்கான்.

இறுதியாக, மாணவர் தாமே செய்து காணத்தக்க சோதனை ஒன்று. லினக்ஸ் பலகையில், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒரு முறை விழித்து, எத்துணை தாமதமாய் விழித்தது என்று குறிக்கும் நிரலொன்றை எழுதுக. அதனை ஓரிரவு முழுதும் ஓடவிட்டு, இடையிடையே பெரிய கோப்புகளைப் பிரதி செய்து பொறிக்கு வேலையும் கொடுக்க. காலையிற் சராசரித் தாமதத்தையும் உச்சத் தாமதத்தையும் அருகருகே எழுதிப் பார்க்க. பின்னர்த் தாம் செய்யக் கருதிய வேலை எவ்வளவு தாமதத்தைப் பொறுக்கும் என்று கணக்கிடுக. உச்சத் தாமதம் அவ்வளவிற்குள் அடங்குமாயின் லினக்ஸிலேயே துணிந்து எழுதலாம். அடங்காதாயின் சிறு பொறியின் துணையை நாடுக. எப்பலகையை வாங்குவது என்று விலைப்பட்டியலைப் புரட்டுமுன், இவ்விரண்டு எண்களையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்வது நலம்.