காசு கொடுத்த ஆன்டிவைரஸ் எதைக் காக்கும், எதைக் காக்காது

பூந்தமல்லியை அடுத்த நூம்பல், வேலப்பன்சாவடி, ஐயப்பன்தாங்கல் பகுதிகளில் புதிதாகக் கணினி வாங்கும் குடும்பமும், பழையதை ஃபார்மட் போடக் கொடுக்கும் குடும்பமும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த ஆன்டிவைரஸ் போடலாம்? அவர் ஓராண்டுக்கான கீ ஒன்றைப் போட்டுக் கொடுப்பார். அதோடு கணினி பத்திரமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். கோளாறு இந்த நம்பிக்கையில் இருக்கிறது. ஆன்டிவைரஸ் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது செய்யும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டுக்காரர்கள் பணத்தையும் படங்களையும் பறிகொடுக்கும் வழிகள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்ற ஒரே கேள்வியில் நம் கவனம் முழுவதும் போய்விடுவதால், கேட்டிருக்க வேண்டிய மற்ற கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன.

விண்டோஸோடு வரும் பாதுகாப்பு பெயருக்குத்தான் இருக்கிறது என்பது பரவலான எண்ணம். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொடுத்தது; 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே அமைந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அது சோதனைகளில் பின்தங்கியே நின்றது. இன்று நிலை வேறு. ஜெர்மனியின் மக்டபர்க் நகரிலிருந்து இயங்கும் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் ஆறு ஆறாக மதிப்பெண் போடுகிறது. அண்மை ஆண்டுகளில் பல சுற்றுகளில் டிஃபெண்டர் 18க்கு 18 எடுத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் முன்னணி மென்பொருள்களும் அதே இடத்தில்தான் நிற்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மழுப்பக் கூடாது. சந்தேகமான கோப்பைப் பார்த்தால் டிஃபெண்டர் இணையத்தின் வழியே மைக்ரோசாஃப்டின் கணினிகளைக் கேட்டு முடிவெடுப்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சோதித்தால் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைவதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் தன் சோதனைகளில் காட்டியிருக்கிறது. இணையம் வந்தும் போயும் இருக்கிற வீட்டில், ஜெராக்ஸ் கடைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் பென் டிரைவ்தான் கோப்புகளைக் கொண்டுவருகிறது என்றால், சென்னையில் 1991இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங்கோ புனேயின் குயிக் ஹீலோ விற்கும் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பென் டிரைவில் கோப்புகளை மறைத்துவிட்டு ஷார்ட்கட்டுகளாகக் காட்டும் வகை வைரஸ்களோடு நம் நாட்டு நிறுவனங்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆனால் ஃபைபர் இணைப்பு நாள் முழுக்க ஓடும் வீட்டில், புதுப்பிப்புகள் ஒழுங்காக வரும் விண்டோஸ் 11க்கு மேல் இன்னொன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் போதாது.

ஒன்றுக்கு இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பதும் தவறு. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து பார்க்கப் போட்டியிடுவதால் கணினி திணறும். ஒன்று மற்றதைச் சந்தேகிக்கவும் செய்யும். வேறு ஆன்டிவைரஸ் நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்வது இதனால்தான். இதில்தான் ஒரு பொறியும் இருக்கிறது. மடிக்கணினியோடு வந்த சோதனைப் பதிப்போ, கடைக்காரர் போட்ட கீயோ காலாவதியான பிறகு, புதிய வைரஸ் விவரங்கள் எதுவும் வராத மென்பொருள் ஒன்று மூலையில் நின்றபடி வெறும் அறிவிப்புகளைக் காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பிக்கப் போவதில்லை என்றால் அதை முழுமையாக நீக்கிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து டிஃபெண்டர் விழித்துக்கொண்டதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே, விண்டோஸ் பழசாக இருந்தால் என்ன என்ற எண்ணம் இதைவிட ஆபத்தானது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பக்கத்து மாநிலமான ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளே சிக்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, வெளியிட்டுவிட்டது. அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொண்ட கணினிகளுக்குள் அதனால் அந்த வழியே நுழைய முடியவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது; நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை திருத்தங்கள் வரும். டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை அனுப்பப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆக, ஆன்டிவைரஸ் புதிதாகவே இருக்க, அது நிற்கும் தளத்தின் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும் நிலை பல வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. 2011இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககால இயந்திரங்களுக்கு அந்த நிலை எப்போதோ வந்துவிட்டது, ஏனென்றால் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அவற்றில் பல பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை. அது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய தளம். சென்னை மையத்துக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. பிள்ளைகள் படிக்கவும் தட்டச்சு செய்யவும் மட்டும் அந்தப் பழைய கணினி தேவை என்றால், அதற்கு விலை கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட நடப்பில் உள்ள லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் போடுவது பன்மடங்கு மேல்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அடுத்தது. ஃபோட்டோஷாப்பையோ டேலியையோ விளையாட்டையோ கிராக் செய்து போட்டுக்கொள்வது இங்கே குற்றமாகவே பார்க்கப்படுவதில்லை. ஆன்டிவைரஸ் இருக்கிறது, ஏதாவது இருந்தால் பிடித்துவிடும் என்பது சமாதானம். அந்தக் கிராக்குகளோடு வரும் குறிப்பில் முதல் வரியே ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்வதாக இருக்கும். சொன்னபடி அணைத்தும் விடுகிறோம். அதன்பின் உலகத்தின் மிகச் சிறந்த மென்பொருளாலும் பார்த்துக்கொண்டுகூட இருக்க முடியாது. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் குடும்பம் வீட்டுக் கணினிகளைக் குறிவைத்துப் பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான். இந்தியாவிலும் அதில் மாட்டியவர்கள் ஏராளம். குழந்தையின் பிறந்தநாள் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன்கள் எல்லாம் பெயர் மாறித் திறக்க முடியாமல் போகும். எல்லாரும் அசலை வாங்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கிம்ப், லிப்ரேஆஃபிஸ் போன்ற இலவச மென்பொருள்கள். அவை பழகச் சற்று நாளாகும், தொழில்முறை வேலை எல்லாவற்றுக்கும் போதாது. வீட்டுத் தேவைக்குப் போதும்.

இலவசம் என்று இணையத்தில் கிடைக்கும் ஆன்டிவைரஸைப் போட்டுக்கொள்வதால் நட்டமில்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் மூலம் விற்றது. அதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. கணினியின் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அதிகாரத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது விலையைப் போலவே முக்கியம்.

இனி, முழுப் பாதுகாப்பு என்று விற்கப்படும் இன்டர்நெட் செக்யூரிட்டி தொகுப்புகள். வங்கிப் பரிவர்த்தனைக்குத் தனிக் காப்பு உண்டு என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். போலித் தளங்களைத் தடுப்பதில் அவை உதவும் என்பது உண்மைதான். ஆனால் 2022 வாக்கில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய மின்வாரியக் குறுஞ்செய்தியை எண்ணிப் பாருங்கள். போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணில் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று அது சொன்னது. கூப்பிட்டவர்களைத் தொலைவிலிருந்து திரையைப் பார்த்து இயக்க உதவும் செயலி ஒன்றை நிறுவ வைத்துக் கணக்கைக் காலி செய்தார்கள். அது உலகெங்கும் அலுவலகங்கள் பயன்படுத்தும் முறையான செயலி, வைரஸ் இல்லை. உரிமையாளரே அனுமதி கொடுத்த ஒன்றை எந்தக் காவல் மென்பொருளும் திருட்டு என்று எண்ணாது. எனிடெஸ்க் என்ற அத்தகைய செயலி வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. போலீஸ் என்று சொல்லிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் கைது என்ற மிரட்டலில் அந்தச் செயலிகூடத் தேவைப்படவில்லை, வீடியோ அழைப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

வயதான பெற்றோர் எதையாவது அழுத்திவிடுவார்களே, அவர்களுக்காகவாவது நல்லதாக ஒன்று வாங்கித்தர வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். வாங்குங்கள், தவறில்லை. அதற்கு முன் அவர்கள் தினமும் பயன்படுத்தும் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள். கணினி முழுவதற்குமான மென்பொருளை நிறுவ அப்போது உங்கள் கடவுச்சொல் வேண்டியிருக்கும். ஆண்டுச் சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். கழற்றாமல் விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். கணினியில் ஏற்கெனவே ஏதோ புகுந்துவிட்டதாகச் சந்தேகம் என்றால், மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் நீக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், முதலில் அழைக்க வேண்டிய எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் வங்கிகள் அதை முடக்க முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவுக்கு நேரில் போவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.